லோகோ கிடைச்சதோ, தம்பி?

பாடசாலைக் கிரிக்கெட் காலமோ கோயில் கொடியேற்றக் காலமோ நெருங்கினால் யாழ்ப்பாணத்து அச்சுக் கடைகளில் ஒரே உரையாடல் திரும்பத் திரும்ப நடக்கும். சங்கத்துச் செயலாளர் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிடுவார். "லோகோ அனுப்பினனான், கிடைச்சதோ தம்பி?" "கிடைச்சது அண்ணை. ஆனால் இது வட்ஸ்அப்பில வந்த படம். ஒறிஜினல் இருக்கோ?" "அதுதான் ஒறிஜினல்." "இல்லை அண்ணை, வெக்டர் ஃபைல் வேணும்." "அதைத்தான் அனுப்பினது. பேரை வாசிச்சுப் பாரும், லோகோ ஃபைனல் ஃபைனல் எண்டு கிடக்கு." இது முதலாம் அங்கம். இரண்டாம் அங்கத்தில் கனடாவிலுள்ள பழைய மாணவர் ஒருவர் மின்னஞ்சலில் ஒரு கோப்பு அனுப்புவார். பெயரின் வாலில் ஏஐ என்றோ இபிஎஸ் என்றோ இருக்கும். கடைத் தம்பி அதைக் கோரல்ட்ரோ மென்பொருளுக்குள் இழுத்துப் போடுவார். கேடயம் வரும், விளக்கு வராது. அல்லது விளக்கு வரும், அடியிலுள்ள வாசகம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். அல்லது எல்லாம் சரியாக வந்து, கேளாமலே பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டியும் வந்து நிற்கும். உடனே தீர்ப்பு: "கோரலின்ர பிழை", "வேர்சன் பிரச்சினை", "உங்கட கொம்பியூட்டர் பழசு, மாத்துங்கோ". இந்தத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்வதே என் நோக்கம். இந்த வழக்குகளில் பெரும்பாலானவற்றில் மென்பொருள் வெறும் சாட்சி. குற்றம் அதற்கு முன்னமே, பல வேளை பல வருடங்களுக்கு முன்னமே, நடந்து முடிந்திருக்கிறது. கோப்பைத் திறந்தபோது அது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

வெக்டர் என்பதை ஒடியல் கூழை வைத்து விளக்கலாம். கூழின் படம் ஒன்று, கூழ் காய்ச்சும் முறையை எழுதிய தாள் இன்னொன்று. படத்தில் நண்டுக் கால் தெரியும், ஆவி பறக்கும், வாயூறும். ஆனால் அந்தப் படத்தை வைத்து ஐம்பது பேருக்குப் பரிமாற முடியாது. தாளில் கண்ணுக்கு விருந்தாக ஒன்றுமில்லை, ஆனால் ஐந்து பேருக்கும் ஐந்நூறு பேருக்கும் அதே கூழ் கிடைக்கும். ஜேபெக் கோப்பில் இருப்பவை வரிசையாக அடுக்கிய நிறப் புள்ளிகள். வெக்டர் கோப்பில் இருப்பது வரைகிற முறை: இந்த இடத்தில் தொடங்கு, அந்த இடத்தில் முடி, இடையில் இவ்வளவு வளை. அந்த வளைவைச் சொல்ல நான்கு புள்ளிகள் போதும், இரண்டு நுனிகளும் இரண்டு கைப்பிடிகளும். இந்தக் கணக்கு பிரான்சில் மோட்டார்க் காரின் உடலை வளைப்பதற்குப் பிறந்தது. சித்ரோவன் கொம்பனியில் போல் டி கஸ்தெல்ஜோ 1959இல் இதைக் கண்டுபிடித்தார். கொம்பனி அதை வெளியே விடாமல் பூட்டி வைத்தது. ரெனோ கொம்பனியின் பியர் பெசியர் 1960களில் அதே வழிக்கு வந்து, வெளியே சொன்னார். வளைகோட்டுக்குப் பெசியர் என்று பெயர் நின்றுவிட்டது. கல்லில் யாருடைய பெயர் வருவது என்ற வழக்கு எங்கள் சனசமூக நிலையங்களுக்கு மட்டும் உரியதென்று யாரும் நினைக்க வேண்டாம்.

இந்த வளைகோடுதான் என் முதல் சான்று. போஸ்ட்ஸ்கிரிப்ட் 1984இல் வந்தது, இல்லஸ்ட்ரேட்டர் 1987இல், கோரல்ட்ரோ 1989இல், எஸ்விஜி என்ற திறந்த நியமம் 2001இல். எல்லாம் ஒரே கொம்பனியினுடையவை அல்ல, ஒரே நாட்டினுடையவையும் அல்ல, சிலவற்றுக்கிடையே வியாபாரப் பகையும் உண்டு. ஆனாலும் நான்கும் ஒரே பெசியர் வளைகோட்டைத்தான் பேசுகின்றன. கோரல்ட்ரோ பிறந்த இடம் கனடாவின் ஒட்டாவா. ரொறன்ரோவிலிருந்து வந்த கோப்பு கோரலில் திறக்கவில்லை என்று கொக்குவிலில் இருந்துகொண்டு அதைத் திட்டுவதில் ஒரு சின்ன அநியாயம் இருக்கிறது. ஒழுங்காக வரைந்து, நிறம் நிரப்பி, வேறு ஒன்றும் சேர்க்காத வளைகோடு ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சேதப்படுவது அபூர்வம். வழியில் விழுந்து நொறுங்குகிறவை எவை என்று பார்த்தால் விடயம் விளங்கிவிடும்: உள்ளே ஒட்டிய படம், எழுத்துருவை நம்பி நிற்கும் வாசகம், நிழல், பளபளப்பு, ஒளிவட்டம். வளைகோடு அல்லாத சரக்குகள்தான் எல்லாம். இலச்சினையை வரைந்தவர் அல்லது வரைந்ததாகச் சொன்னவர் உள்ளே வைத்துவிட்டுப் போனவை.

முதலில் ஒட்டிய படத்தை எடுத்துக்கொள்வோம். முகநூலில் இருந்த இலச்சினையைச் சேமித்து, இல்லஸ்ட்ரேட்டரில் ஒரு வெறும் பக்கத்தில் வைத்து, ஏஐ என்று சேமித்தால் அந்தக் கோப்பு சட்டப்படி ஏஐ கோப்புத்தான். யாரும் குறை சொல்ல முடியாது. உள்ளே இருப்பது அதே முகநூல் படம். இன்னும் துணிந்தவர்கள் அந்தச் சிரமமும் படாமல், பெயரிலுள்ள ஜேபெக் என்ற வாலை வெட்டிவிட்டு ஏஐ என்று தட்டெழுதி அனுப்புவார்கள். ஆளை மாற்றாமல் அடையாள அட்டையை மாற்றுகிற வேலை. இதைப் பிடிக்க அரை நிமிடம் போதும். கோரலில் காட்சிப் பட்டியலுக்குள் வயர்ஃப்ரேம் என்றும், இல்லஸ்ட்ரேட்டரில் அவுட்லைன் என்றும் ஒரு பார்வை உண்டு. நிறங்களெல்லாம் கழன்று எலும்பு மட்டும் தெரியும். உண்மையான இலச்சினையில் கேடயத்தின் ஓரம், விளக்கின் சுடர், பனையோலையின் ஒவ்வொரு கீற்றும் மெல்லிய கோடுகளாக நிற்கும். போலியில் இல்லஸ்ட்ரேட்டர் ஒரு வெறும் பெட்டியைக் காட்டும். கோரல் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு படத்தைக் காட்டும். எஸ்விஜி கோப்பானால் அதுகூட வேண்டாம். அது வெறும் எழுத்தில் எழுதிய கோப்பு. நோட்பேடில் திறந்து பார்த்தால் பாத் என்று தொடங்கும் வரிகள் இருக்க வேண்டும். பாத் ஒன்றும் இல்லாமல் இமேஜ் என்று ஒரே ஒரு சொல்லும், அதன் பின்னால் பக்கம் பக்கமாக அர்த்தமற்ற எழுத்துகளும் வந்தால், உள்ளே ஒரு படம் சுருண்டு படுத்திருக்கிறது. அந்த வெள்ளைப் பெட்டியின் பூர்வீகமும் பெரும்பாலும் இதுதான். ஜேபெக் வகைக்கு ஊடுதெரியும் பின்னணி என்று ஒன்று கிடையவே கிடையாது. வெள்ளைத் திரையில் அது தெரியாமல் இருந்து, சிவப்புப் பனரில் ஏறினவுடன் வெளிப்படுகிறது. கோரல் அதைப் போடவில்லை. இருந்ததைக் காட்டியது.

இதைச் சொன்னால், படித்த மனிதர்கள் ஏன் இப்படிப் படத்தையும் மூலத்தையும் குழப்புகிறார்கள் என்ற கேள்வி வரும். செயலாளர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியராகக்கூட இருப்பார். எனக்குத் தோன்றும் காரணம், இந்தத் தொழிலின் மூலப்பொருள் கண்ணுக்குத் தெரியாமல் போனதுதான். அச்சு எங்களுக்குப் புதிதில்லை. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் 1834 முதல் ஓடியது. 1841இல் உதயதாரகை வந்தது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். ஈய எழுத்துக் காலம் முடியும் வரைக்கும், நோட்டீஸின் தலையிலுள்ள பிள்ளையார் படத்துக்கு ப்ளொக் என்று ஒன்று இருந்தது. பலகைத் துண்டில் அறைந்த உலோகத் தகடு. கையில் எடுத்தால் பாரம் தெரியும், கீழே விழுந்தால் கால் நோகும். சின்ன நோட்டீஸுக்கு ஒரு ப்ளொக், பெரிய சுவரொட்டிக்கு வேறு ப்ளொக். போன வருடத்து நோட்டீஸைக் கொண்டுவந்து நீட்டி, இந்தாரும் ப்ளொக் என்று எவரும் சொன்னதில்லை. சொன்னால் அச்சுக்கோப்பவர் சிரித்திருப்பார். அச்சடித்த தாளுக்கும் அச்சடிக்கிற பொருளுக்கும் உள்ள பேதம் கையில் தெரிந்தது. இன்று இரண்டுமே கைபேசித் திரையில் ஒரே அளவில், ஒரே வெளிச்சத்தில் தெரிகின்றன. இரண்டையும் விரலால் தொட்டால் இரண்டும் திறக்கின்றன. கணித ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்.

அடுத்தது எழுத்து. இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் உலகத்துக்கு இல்லாத தலைவலி இங்கே எங்களுக்கு உண்டு. யாழ்ப்பாணத்து வடிவமைப்பு மேசைகளில் பாமினி எழுத்துரு இன்னமும் ஆட்சியில் இருக்கிறது. பாமினியில் தட்டெழுதிய தமிழ், கணினியைப் பொறுத்தவரை தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் கட்டியது. வேடம் இருக்கும் கணினியில் அம்மா என்று தெரிவது, வேடம் இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். யாழ்ப்பாணம் என்ற ஊர்ப்பெயர் ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜி, அரைப்புள்ளி, ஜி, எச், இஸட், கே, அரைப்புள்ளி என்று ஆகும். வாய்விட்டு வாசித்தால் ஏதோ மந்திரம்போல் இருக்கும். வாசகத்தை வளைகோடாக மாற்றாமல் அனுப்பிய இலச்சினை லண்டனிலுள்ள கணினியில் திறக்கும்போது நடப்பது இது. அங்கே எழுத்துரு இல்லை, ஆகவே மென்பொருள் கையில் கிடைத்த இன்னொன்றைப் போட்டு நிரப்புகிறது. போடும்போது, இன்ன எழுத்துருவைக் காணவில்லை என்று ஒரு பெட்டியில் எழுதியும் காட்டுகிறது. அந்தப் பெட்டியை வாசிக்காமல் ஓகே அழுத்துவது எங்கள் பொதுக்குணம். பிறகு குற்றம் மட்டும் மென்பொருளுக்கு.

யுனிக்கோடுக்கு மாறினால் தீருமே என்பார்கள் தமிழ்க் கணிமை அன்பர்கள். மாற வேண்டியதுதான், ஆனால் வடிவமைப்பு மேசையில் யுனிக்கோடுக்கும் ஒரு பொறி இருக்கிறது. யுனிக்கோடில் கொம்பு, நாங்கள் கையால் எழுதுகிற ஒழுங்கில் சேமிக்கப்படுவதில்லை. மெய்யெழுத்து முதலில், கொம்பு பிறகு. திரையில் காட்டும் மென்பொருள்தான் அதைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் திறந்து, வேர்ல்ட்-ரெடி என்ற வரியமைப்பைத் தெரிவுசெய்யாவிட்டால் அது தூக்கி வைக்காது. அப்போது மானிப்பாயும் அராலியும் தப்பும், அந்தப் பெயர்களில் கொம்புமில்லை, உகரமுமில்லை. கோப்பாய் காயப்படும். ஆனைக்கோட்டையின் கதி சொல்லும் தரமன்று. ஒரே ஊருக்குள் மூன்று இடத்தில் கொம்பும் இணைக்கொம்பும் புரண்டு கிடக்கும். சுன்னாகமும் தன் முதல் எழுத்திலேயே இடறும். பாமினியில் இந்தத் தொல்லை இல்லை: கொம்பை முதலில் தட்டு, எழுத்தைப் பிறகு தட்டு, தட்டிய ஒழுங்கில் அப்படியே நிற்கும், எந்தப் பழைய மென்பொருளிலும் நிற்கும். ஆகவே கடைத் தம்பிமார் பாமினியை விடாதது பழமைப் பிடிவாதம் என்று எழுதுகிறவர்கள், நாளைக்குக் காலை பத்து மணிக்குப் பனர் வேண்டும் என்று யாராவது கழுத்தில் நிற்கும்போது ஒருமுறை ஆனைக்கோட்டை என்று யுனிக்கோடில் தட்டிப் பார்த்துவிட்டு எழுதட்டும். எந்த எழுத்துருவில் தட்டினாலும் பரவாயில்லை. அனுப்பும் முன்னர் வாசகத்தைத் தெரிவுசெய்து கோரலில் கொன்ட்ரோல் கியூவை, இல்லஸ்ட்ரேட்டரில் கொன்ட்ரோல் ஷிஃப்ட் ஓவை அழுத்திவிட்டால் எழுத்து வளைகோடாகிவிடும். அதன் பிறகு அதற்கு வேடமும் தேவையில்லை, வரியமைப்பும் தேவையில்லை. அப்படி மாற்றினால் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாதே என்பது நியாயமான ஆட்சேபம். மாற்றாத பிரதி ஒன்றை வரைந்தவரிடம் வைத்துக்கொள்ள வேண்டும், மாற்றியதைத்தான் வெளியே விட வேண்டும். ஒற்று விடுபட்ட திருவாசகம் வளைகோடாகி நிரந்தரத்துவம் அடைந்து, தலைமுறை தலைமுறையாகப் பனர்களில் பறப்பதும் நடக்கக்கூடியது. ஆனால் அதற்கும் கோரல் பொறுப்பாளி ஆகாது.

இனி, எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருவோம். மென்பொருளில் குற்றமே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். எஸ்விஜியில் நீள அளவுக்குப் பதிலாகப் பிக்சல் கணக்கில் அளவு எழுதப்பட்டிருந்தால், இல்லஸ்ட்ரேட்டர் ஒரு அங்குலத்துக்கு 72 என்று வைத்துக்கொள்கிறது. இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு மென்பொருள் 96 என்று வைத்துக்கொள்கிறது. ஆகவே இல்லஸ்ட்ரேட்டரிலிருந்து போகும் நான்கு அங்குல இலச்சினை இங்க்ஸ்கேப்பில் மூன்று அங்குலமாக இறங்கும். இங்க்ஸ்கேப்பே முன்பு 90 என்று வைத்திருந்து, 2017இல் வந்த 0.92 பதிப்பில்தான் 96க்கு மாறியது; அதனால் தன் பழைய கோப்புகளோடேயே அதற்கு ஒரு சிறு மனஸ்தாபம். இது முழுக்க முழுக்க மென்பொருள்காரரின் பிடுங்குப்பாடு. அதேபோல இல்லஸ்ட்ரேட்டரின் ஏஐ கோப்பு 2000ஆம் ஆண்டளவில் இருந்து தன் வயிற்றுக்குள் ஒரு பிடிஎஃப் பிரதியைச் சுமக்கிறது. மற்ற மென்பொருள்கள் பெரும்பாலும் அந்தப் பிரதியைத்தான் வாசிக்கின்றன. சேமிக்கும்போது பிடிஎஃப் பொருத்தம் என்ற சிறு கட்டத்திலுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டால், வயிறு வெறுமை. திறந்தவர் காண்பது இலச்சினையை அல்ல. இந்தக் கோப்பு பிடிஎஃப் உள்ளடக்கம் இல்லாமல் சேமிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் அடுக்கிய ஒரு பக்கத்தை. கோரலின் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது என்பதும் உண்மை. பல கடைகளில் எப்போதோ போட்ட பழைய பதிப்புத்தான் இன்னும் பிள்ளைபோல் உழைக்கிறது, அதை மாற்றப் பணமும் இல்லை, மனமும் இல்லை.

ஆனால் இந்தக் குற்றங்களின் தன்மையைப் பாருங்கள். மூன்று அங்குலமாக வந்ததை நான்கு அங்குலமாக இழுத்துவிட ஒரு நொடி, ஏனென்றால் அது வெக்டர். வெறும் வயிற்று ஏஐயை, அனுப்பியவர் கட்டத்தைச் சரி போட்டு மறுபடி அனுப்பினால் முடிந்தது. பதிப்புப் பிரச்சினைக்கு, சேமிக்கும் பெட்டியிலேயே பழைய பதிப்பைத் தெரிவுசெய்ய இடம் இருக்கிறது. அதுவும் சரிவராவிட்டால் பிடிஎஃப் ஆக அனுப்பலாம். மென்பொருளின் பிழைகள் எல்லாமே ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்கிறவை. கோப்புக்குள் வளைகோடே இல்லை என்ற பிழைக்கு எந்த அழைப்பும் உதவாது. யாரை அழைத்தாலும் அவரும் அதே படத்தைத்தான் அனுப்புவார். ஆனால் முன்னதைவிடச் சின்னதாக. வட்ஸ்அப்பில் படமாக மறுபடி மறுபடி ஏற்றி அனுப்பும்போது அது இன்னும் கொஞ்சம் கசங்குகிறது. டொக்கியூமென்ட் என்று அனுப்பினால் கசங்காது. அந்தத் தெரிவு அதே கிளிப் அடையாளத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் படத்தைப் படமாக அனுப்புவதுதானே இயல்பு என்று கை தானாகவே அங்கே போகிறது.

படத்தை வைத்தே வெக்டர் ஆக்கித் தருகிற வசதி இருக்கிறதே, பிறகென்ன பஞ்சாங்கம் என்று கேட்பவர்களும் உண்டு. இருக்கிறது. இல்லஸ்ட்ரேட்டரில் லைவ் ட்ரேஸ் 2005இல் வந்தது, கோரலில் பவர்ட்ரேஸ் 2006இல். தெளிவான, பெரிய, இரண்டு நிறப் படமானால் நன்றாகவே வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. வட்ஸ்அப்பில் ஊர்சுற்றி வந்த படத்தில் அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் சதுரங்களாக வெட்டிச் சுருக்குகிறது. சுருக்கம் கூடும்போது கூர்மையான ஓரங்களைச் சுற்றி மண்ணிறத் தூசி பறக்கும். மனிதக் கண் அதைத் தூசி என்று தள்ளிவிடும். ட்ரேஸ் அப்படித் தள்ளாது. அதற்கு எல்லாமே சத்தியம். ஒவ்வொரு தூசிக்கும் ஒரு தீவு வரைந்து, ஓரம் கட்டி, நிறம் தீட்டி வைக்கும். ஒரு வட்டத்தை வரைய நான்கு நோட், அதாவது நான்கு நுனிப் புள்ளி, போதும். ட்ரேஸ் செய்த வட்டத்தைச் சொடுக்கிப் பார்த்தால் எறும்பு மொய்த்ததுபோல் நோட்டுகள் நிற்கும், வட்டமும் உருண்டையாக இராது. விளக்கின் சுடர் உருளைக்கிழங்காகும். யாழின் நரம்புகள் இரண்டு ஒட்டிக்கொண்டு ஒரு நரம்பாகும். செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் கதை இன்னும் சுவாரசியம். அது தூசியைத் துடைத்துவிடும், மினுக்கிவிடும், கேடயத்துக்கு ஒரு கம்பீரமும் தரும். தனக்குத் தெரியாத இடத்தை ஊகித்தும் நிரப்பும். மங்கிய தமிழ் வாசகத்தைக் கொடுத்தால், தூரத்திலிருந்து தமிழ்போலவும் கிட்ட வந்தால் எந்த மொழியும் இல்லாதது போலவும் ஒன்றை எழுதித் தரக்கூடும். இலச்சினை அழகாக இருக்கும். அது வேறு பாடசாலையின் இலச்சினையாக இருக்கும்.

பனரைத் தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்பது அடுத்த ஆட்சேபம், மிகவும் நடைமுறையான ஆட்சேபம். பாதி சரி. அழைப்பிதழின் மூலையில் 2 சென்ரிமீற்றர் அகலத்தில் இலச்சினை வர வேண்டுமானால், 300 டிபிஐ கணக்கில் 236 பிக்சல் போதும்; முகநூல் படமே காணும், வெக்டர் கேட்டு யாரும் அடம்பிடிக்க வேண்டியதில்லை. மின்கம்ப உயரத்தில் தொங்கும் பனருக்கும் ஓரளவு மன்னிப்பு உண்டு. ஆனால் 200 பிக்சல் அகலமான படம் ஒன்றை 4 அடிக்கு இழுத்தால் ஒவ்வொரு பிக்சலும் ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் சதுரமாகும். ஒரு உளுந்துமணியைவிடப் பெரிது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் தண்ணீர்ப் பந்தலில் கட்டும் பனரை யாரும் தூரத்தில் நின்று பார்ப்பதில்லை. அதன் முன்னால் நின்று சர்பத் குடிக்கிறார்கள். 1904இல் தொடங்கிய வடக்கின் போர் என்ற கிரிக்கெட் ஆட்டத்தில், மத்திய கல்லூரிக்காரரும் சென் ஜோன்ஸ்காரரும் கொடியோடும் பனரோடும் கன்னத்தை ஒட்டித்தான் படம் எடுக்கிறார்கள். பார்க்கிறவர் தூரத்தில் நிற்பார் என்று நம்பித் தொழில் செய்வது, கைபேசிக் கமரா வருவதற்கு முந்திய காலத்துப் பழக்கம்.

அப்படியே தூரத்தில் நின்றாலும், கண்ணால் பார்க்காமல் கத்தியால் பார்க்கிற ஒரு வாசகர் இருக்கிறார்: பிளொட்டர். ஓட்டோவின் பின்கண்ணாடிக்கும், பாடசாலை வானுக்கும், கடை முகப்புக்கும் ஸ்ரிக்கர் வெட்டுகிற இயந்திரம். அதற்கு நிறம் தெரியாது, நிழல் தெரியாது, படம் தெரியவே தெரியாது. கோடு இருந்தால் வெட்டும். முகநூல் படம் ஒட்டிய கோப்பைக் கொடுத்தால் சும்மா இருக்கும், அல்லது படத்தைச் சுற்றி ஒரு பெட்டி வெட்டித் தரும். ட்ரேஸ் கோப்பைக் கொடுத்தால் தூசித் தீவுகளை ஒவ்வொன்றாக, சலிக்காமல், மத்தியானம் வரைக்கும் வெட்டும். திரையில் தடித்த கோடாகத் தெரிகிற வட்டம் உண்மையில் ஒரு கோட்டுக்குத் தடிப்புக் கொடுத்ததாக இருந்தால், கத்தி அந்தத் தடிப்பைக் காணாது. நடுவில் ஒரே ஒரு வெட்டுப் போட்டுவிட்டுப் போய்விடும். தமிழ் எழுத்திலோ இன்னொரு வேடிக்கை. கி என்ற எழுத்தில் ககரமும் விசிறியும் பழைய எழுத்துருக்களில் தனித்தனித் துண்டுகள்; ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதால் திரையில் ஒட்டியதுபோல் தெரியும். வளைகோடாக்கிய பிறகு வெல்ட் என்ற கட்டளையால் இரண்டையும் ஒன்றாக்காவிட்டால், கத்தி மேலே ஏறிய இடத்திலும் வெட்டும், கீழே மறைந்த இடத்திலும் வெட்டும். உரித்தெடுக்கும்போது விசிறி விரலோடு வந்துவிடும், ககரம் கண்ணாடியில் நிற்கும். கிளிநொச்சி என்று ஓட வேண்டிய வான் களிநொச்சி என்று ஓடும். என் வழக்கில் பிளொட்டரைத்தான் நான் தலையாய சாட்சியாக அழைப்பேன், ஏனென்றால் அதற்கு முகதாட்சணியம் இல்லை. பனர் அச்சியந்திரம் எந்தக் குப்பையையும் பரவாயில்லை என்று அச்சடித்துத் தந்துவிடும். பிளொட்டர், கோப்பில் உள்ளதை உள்ளபடி சொல்லும்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் செய்கிறது, அச்சு நான்கு மையால் செய்கிறது. திரையில் மின்னும் தூய நீலம் மையில் ஊதாவாகச் சாய்வதற்கு மாய மந்திரம் ஒன்றும் காரணமில்லை. நிறத்தின் மை எண்களை எழுதி வைத்த சங்கத்துக்கு இந்தச் சண்டை வராது. எழுதி வைத்த சங்கங்கள் அருமை.

ஆகவே படமாகத்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: படத்தை அடியில் வைத்து, அதன்மேல் கையால் புதிதாக வரைந்து, வாசகத்தை வளைகோடாக்கி, தடித்த கோடுகளை உருவங்களாக்கி, ஏறி நிற்பவற்றை ஒன்றாக்கி, நிற எண்களைக் குறித்து, ஒரு பிடிஎஃப்பும் ஒரு எஸ்விஜியுமாகச் சேமிப்பது. பிறகு அதைக் காசோலைப் புத்தகமும் இறப்பர் முத்திரையும் இருக்கிற அலுமாரியில், பென் டிரைவில் போட்டு வைப்பது. முன்னாள் செயலாளரின் ஜிமெயிலில் மட்டும் வைக்கக் கூடாது. அவர் கனடாவுக்குப் போயிருப்பார், கடவுச்சொல் இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் இருக்கும். ஒரு முறை வரைகிற கூலி, வருடா வருடம் மங்கலாக அடித்துக் கழித்த பனர்களின் விலையோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. கைதேர்ந்த தம்பி ஒருவர் ஒரு பின்னேரத்துக்குள் முடித்துவிடுவார். சிக்கல் அவர் கேட்கிற ஒரு சின்னக் கேள்வியில்தான் இருக்கிறது: சுடருக்கு எத்தனை நாக்கு? முகநூல் படத்தில் அது தெரியவில்லை. லண்டன் கிளையின் பனரில் மூன்று, ரொறன்ரோக் கிளையின் மலரில் ஐந்து. சங்க யாப்பை எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒளிவிடும் விளக்கு என்று மட்டும் இருக்கிறது. அதைத் தீர்மானிக்கச் செயற்குழு கூட வேண்டும். செயற்குழுவில் இருவர் மூன்றின் பக்கம், மூவர் ஐந்தின் பக்கம், காப்பாளர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பொதுச்சபைக்கு விடுவோம் என்று முடிவாகியிருக்கிறது, அடுத்த வருடக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் ஏழாவதாக.